செயலியா, கைக்கடிகாரமா?
கண்டியில் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) திரும்பியவரை எப்படிக் கண்காணிப்பது? ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பையும் நடையையும் தானே குறித்துக்கொள்ளும். வாந்தி, வாய்ப்புண், வலி அதற்குத் தெரியாது. மலைக்குளிரில் மணிக்கட்டுச் சூட்டை நம்பிக் காய்ச்சலை முடிவுசெய்யவும் முடியாது.

செயலியில் நோயாளியே அறிகுறிகளைப் பதிய வேண்டும். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பரவிய புற்றுநோயுள்ள 766 பேர். இப்படி அறிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26. அங்கே எச்சரிக்கையைப் பார்க்கத் தாதியர் இருந்தார்கள், அதுதான் விஷயம். தமிழில் கேட்காத செயலி லயத்துக்கு எதற்கு?

என் தெரிவு செயலிதான், கூடவே சாதாரண வெப்பமானி ஒன்று. 38 பாகை செல்சியஸைத் தொட்டால் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.