சீனப் புத்தாண்டு நெரிசலில் அதிவேக ரயிலா, பச்சை ரயிலா?

புத்தாண்டை ஒட்டிய 40 நாள் பயணக் காலத்தில் தெற்கிலுள்ள குவாங்சோ நகரிலிருந்து வடக்கே பெய்ஜிங்குக்கு ரயிலில் போக இரண்டு வழிகள் உண்டு. 2012-இல் முழுமையாகத் திறந்த அதிவேகத் தடத்தில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டரைச் சுமார் எட்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். சுத்தம், நேரம் தவறாமை, வேறென்ன சொல்ல?

பச்சை வண்ணத்தால் அப்பெயர் பெற்ற பழைய சாதாரண ரயிலில் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் சாதாரண இருக்கையின் கட்டணம் அதிவேக ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஊர் திரும்பும் தொழிலாளர்கள் பலர் இதை நாடுவது அதனால்தான். இருக்கை தீர்ந்தால் நின்றுகொண்டு போகவும் டிக்கெட் தருவார்கள், அதே விலைக்கு! பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நடைபாதையிலேயே அமர்ந்துவிடுவார்கள். வெந்நீர்க் குழாயில் நிரப்பிய நூடுல்ஸ் கிண்ணத்தைச் சிந்தாமல் தலைகளுக்கு மேலாகத் தூக்கி வருவது தனி வித்தை.

படுக்கை கிடைத்தால் பச்சை ரயிலில் தாராளமாகப் போகலாம். நின்றுகொண்டு என்றால் வேண்டவே வேண்டாம். எதுவானாலும் முன்பதிவு 15 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். பண்டிகைக்கு முன் கூட்டம் வடக்கு நோக்கி நெரியும். எதிர்த்திசையில் இடம் கிடைப்பது எளிது.