மாடிக் காற்றாலைக்கு ஓப்பன்ஃபோம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மொட்டை மாடியில் சின்னதாக ஒரு செங்குத்து அச்சுக் காற்றாலை வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் கணினியில் ஓட்டிப் பார்க்க, காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் நல்ல கருவி. இலவசம். ஆனால் அது கொடுக்கும் முதல் எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

கணக்குக்கு ஒரு சுழலியை எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் விட்டம், 1 மீட்டர் உயரம், மூன்று நேர் பிளேடு, நாக்கா 0018 என்ற இறக்கை வெட்டு வடிவம், நாண் (பிளேடின் அகலம்) 10 செ.மீ. காற்று நொடிக்கு 5 மீட்டர். முனைவேக விகிதம் (பிளேடின் வேகம் காற்றின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 2.5 என்றால் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 239 சுற்று சுற்றும். அந்தப் பரப்பில் வரும் காற்றின் மொத்தத் திறனே 72 வாட்தான். கால்வாசி கிடைத்தால் 18 வாட். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாரும் ஏசி ஓட்டக் கனவு காண வேண்டாம்.

பதிப்புத் தேர்விலேயே பலர் தடுமாறுகிறார்கள். ஓப்பன்ஃபோம் முக்கியமாக இரண்டு கிளையாக வருகிறது. ஃபவுண்டேஷன் கிளையில் 11-ஆம் பதிப்பிலிருந்து, கணக்கை ஓட்டும் பிம்பிள்ஃபோம் நிரல் போய் ஃபோம்ரன் வந்துவிட்டது. சுழலும் பகுதியையும் நிற்கும் பகுதியையும் இணைக்கும் முறையும் மாறிவிட்டது. இஎஸ்ஐ கிளையில் பழைய பிம்பிள்ஃபோமும் அந்த இணைப்புக்கான சைக்ளிக்ஏஎம்ஐ-யும் அப்படியே இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு இஎஸ்ஐ-தான் வசதி.

காற்று வெளியைச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் மெஷ்தான் பாதி வேலை. சுழலும் வட்டத்தை 1.5 விட்டத்துக்கு வையுங்கள். காற்று வரும் பக்கம் 10 விட்டம், போகும் பக்கம் 20 விட்டம் இடம் விடுங்கள். பிளேடை ஒட்டிய முதல் செல்லின் உயரம் 0.02 மி.மீ. இருந்தால் ஒய் பிளஸ் (அந்தச் செல் போதிய அளவு மெல்லியதா என்று காட்டும் எண்) 1-ஐ ஒட்டி நிற்கும். அடுக்குக்கு அடுக்கு 1.2 மடங்கு வளர்ச்சியில் 20 அடுக்கு போட்டால் மொத்தம் 3.7 மி.மீ. வரும். தானாக மெஷ் கட்டும் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் இந்த இடத்தில்தான் கைவிடும்: பிளேடின் கூரான பின்விளிம்பில் அடுக்குகள் சுருங்கிக் காணாமல் போகும். பின்விளிம்பை ஒரு மி.மீ. அளவுக்கு வெட்டி மழுங்கலாக்கலாம். இருபரிமாணத்துக்கு ஜிமெஷ் என்ற மென்பொருளில் கையால் கட்டுவது இன்னும் மேல். இணைப்பு வளையத்தின் இரு பக்கமும் செல் அளவு ஒன்றாக இருக்கட்டும். லாக் கோப்பில் ஏஎம்ஐ எடைகள் (இரு பக்கச் செல்களும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது) 1-ஐ விட்டு விலகினால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வரும் டார்க்குக்கு (முறுக்குவிசைக்கு) அர்த்தமில்லை.

டைம்ஸ்டெப்பை (கணக்கின் ஒரு படிக்கான நேரத்தை) அரை டிகிரிச் சுழற்சிக்கு, அதாவது 0.00035 நொடிக்கு வைத்துத் தொடங்கலாம். ஒரு சுற்றுக்கு 720 படி. மெல்லிய செல்களில் கூரண்ட் எண் (ஒரு படியில் காற்று எத்தனை செல்லைத் தாண்டுகிறது என்பது) எகிறும். அதனால் ஒவ்வொரு படியையும் திரும்பக் கணக்கிடும் வெளிச்சுழற்சித் திருத்தத்தை இரண்டு மூன்றோடு நிறுத்தாமல், ரெசிடுவல் (மீதிப் பிழை) இறங்கும்வரை விடுங்கள். பிறகு கால் டிகிரியில் ஒருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள். முதல் ஐந்தாறு சுற்றின் டார்க் ஆசை காட்டும். பின்னால் வால்சுழல் முழுதாக உருவான பிறகுதான் உண்மை நிலை வரும். 20 சுற்றாவது ஓட வேண்டும்.

இரவெல்லாம் ஓட விட்டால் நடுவில் கரண்ட் போவது நம் ஊரில் சகஜம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சேமிக்க வையுங்கள், தொடக்கத்தை லேட்டஸ்ட்டைமில் (கடைசியாகச் சேமித்த நேரத்தில்) வையுங்கள். திரும்ப ஓட்டும்போது விசைக் கோப்பு புதிய நேரப் பெயரில் வேறு கோப்புறைக்குள் போகும். இரண்டையும் ஒட்டிய பிறகே சராசரி எடுக்க வேண்டும்.

இருபரிமாணத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, குணகம் கணக்கிடக் கொடுக்கும் குறிப்புப் பரப்பு. விட்டத்தை மெஷ்ஷின் தடிமனால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். சுழலியின் நிஜ உயரத்தால் அல்ல. குறிப்பு நீளத்துக்கு ஆரத்தைக் கொடுத்தால், வரும் டார்க் குணகத்தை முனைவேக விகிதத்தால் பெருக்கினால் திறன் குணகம், அதாவது காற்றின் திறனில் நமக்குக் கிடைக்கும் பங்கு. அது 0.45 என்று காட்டினால் மகிழ வேண்டாம். முனை இழப்பும் தாங்கு கைகளின் இழுவையும் அதில் கிடையாது. கைகளைச் சேர்த்து முப்பரிமாணத்தில் ஓட்டினால் எண் நன்றாகவே இறங்கும். ஒரு பிளேடையும் இன்னொன்றையும் ஒப்பிட மட்டும் இருபரிமாணம் போதும்.

பார்க்க வேண்டியது ஒரே பிளேடின் டார்க்கைக் கோணத்தோடு வரைந்த படம். விகிதம் 2.5-இல் தாக்கு கோணம் (காற்று பிளேடில் மோதும் கோணம்) 23.6 டிகிரிவரை போகும், பிளேடு ஸ்டாலுக்குள் (ஓட்டம் பிளேடை விட்டுப் பிரியும் நிலைக்குள்) விழுந்து எழும். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு எளிதில் கொந்தளிக்கும் என்று காட்டும் எண்) எண்பதாயிரத்தை ஒட்டியே இருப்பதால், கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாதிரி, பிளேடை ஒட்டிய எல்லை அடுக்கைத் தொடக்கத்திலிருந்தே கொந்தளிப்பாக எடுத்துக்கொண்டு ஸ்டால் வரும் கோணத்தைத் தவறாகக் காட்டலாம். சீரான ஓட்டம் கொந்தளிப்பாகும் நிலைமாற்றத்தையும் கணக்கிடும் எஸ்எஸ்டிஎல்எம் மாதிரி மெதுவாக ஓடும், முரண்டும் பிடிக்கும். இருந்தாலும் சீரான காற்றுக்கு அதுதான் சரி.

செட்டிநாட்டு மாடியில் காற்று சீராக வராது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டில், ஆடிக்காற்று சுவர் விளிம்பில் மோதிப் பிரிந்து மேலே எழும்பும். சுதை வேலை செய்த கைப்பிடிச் சுவர் அதை இன்னும் கலைக்கும். எனவே சுழலிக்கு முன் வீட்டை மட்டும், நேரத்தோடு மாறாத ஓட்டத்துக்கான சிம்பிள்ஃபோமில் நாலைந்து திசைக் காற்றுக்கு ஓட்டி, பிரிந்த ஓட்டம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். கம்பம் அதற்கு மேலே போக வேண்டும். சுழலி இருக்கும் இடத்தில் கிடைக்கும் கொந்தளிப்பையே சுழலிக் கணக்கில் கொடுங்கள்: 15 சதவீதம் என்றால் கே (கொந்தளிப்பின் ஆற்றல்) மதிப்பு 0.84. நுழைவாயிலில் கொடுத்தது சுழலிக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். வெறும் களத்தை முதலில் ஓட்டி, சுழலி வைக்கும் இடத்தில் 0.84 நிற்கும்வரை நுழைவு மதிப்பை ஏற்றுங்கள்.