கராஜ் கதவு மோட்டார்: குதிரைத்திறனுக்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

இரவுப் பணி முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவள் நான். எங்கள் கராஜுக்கு நேர் மேலேதான் மாமியார் படுக்கும் அறை. பழைய செயின் மோட்டார் ஓடத் தொடங்கினால் கதவோடு சேர்ந்து கூரையும் அதிரும். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கிடையாது. அதற்காகவே மோட்டாரை மாற்றினோம். இப்போது இருப்பது பெல்ட்டால் இழுக்கும் வகை. டிசி மோட்டார், உள்ளேயே ஒரு பேட்டரி. நல்ல பொருள், மனநிறைவோடு சொல்கிறேன். ஆனால் அதைப் பற்றிச் சொல்லும் முன் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கடைக்குப் போனாலே அரைக் குதிரைத்திறனா, முக்காலா, ஒன்றேகாலா என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சில நிறுவனங்கள் அதற்குப் பதிலாக இழுவிசையை நியூட்டன் கணக்கில் 600, 800, 1000 என்று போடுகின்றன. எண் பெரிதாக இருந்தால் மோட்டார் நன்றாகத் தூக்கும் என்று நமக்கும் தோன்றுகிறது. உண்மையில் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல, ஸ்பிரிங். இரண்டு கார் அகலத்துக்கு உள்ள கதவு நூறு கிலோவையும் தாண்டக்கூடும். அந்த எடையைத் தராசின் மறுதட்டு போல ஸ்பிரிங் சமன் செய்துவைத்திருக்கிறது. மிச்சமுள்ள சில கிலோவை மட்டும் மோட்டார் இழுக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த கதவில் எவ்வளவு விலை உயர்ந்த மோட்டாரை மாட்டினாலும் அது திணறித் திணறித்தான் ஓடும், சீக்கிரமே பழுதாகும்.

எங்கள் பழைய மோட்டாரைக் கழற்றியபோது அதன் மூடிக்குள் வெள்ளை நிறத்தில் பொடியும் துருவலுமாகக் கொட்டிக் கிடந்தது. அது உள்ளிருக்கும் நைலான் பற்சக்கரம் அரைபட்டு உதிர்ந்த தூள் என்று மாட்ட வந்தவர் காட்டினார். கையில் எடுத்துப் பார்த்தேன்: ஒரு பக்கப் பற்கள் பாதிக்குமேல் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. மோட்டாரின் செம்புச் சுருள்களில் எந்தக் குறையும் இல்லை. சமநிலை இழந்த கதவை நாள்தோறும் இழுத்து இழுத்துச் சக்கரம்தான் தேய்ந்திருந்தது.

ஆகவே வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். கதவு முழுவதும் மூடியிருக்கும்போது மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரை விட்டு விடுபடும். திறந்திருக்கும் கதவில் இதைச் செய்யவே கூடாது; ஸ்பிரிங் உடைந்திருந்தால் மொத்த எடையும் கீழே இறங்கிவிடும். பிறகு கையால் தூக்கி, இடுப்புயரத்தில் விட்டுப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. கீழே விழுந்தாலோ தானாக மேலே ஏறினாலோ முதல் செலவு ஸ்பிரிங்குக்குத்தான். சாதாரண ஸ்பிரிங்கைச் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று தயாரிக்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை என்று வைத்தால் ஏழாண்டுக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதை மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கம்பி கையை உடைத்துவிடும்; காணொளி பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

கதவு சரி என்றான பிறகு, எதனால் இழுப்பது என்பது சத்தத்தைப் பொறுத்த விஷயம். செயின் மலிவானது, முரட்டு உழைப்பாளி. கராஜ் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் அதுவே போதும். திருகுத் தண்டு வகையும் உண்டு. குளிர் வெயில் மாறும்போது அதன் கிரீஸைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும், எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. மேலேயோ பக்கத்திலோ யாராவது உறங்குகிறார்கள் என்றால் யோசிக்காமல் பெல்ட் வாங்குங்கள். கூடவே டிசி மோட்டாராக இருக்கட்டும். அது மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, முடியும் இடத்தில் மறுபடி மெதுவாகிறது. கதவு தரையைத் தொடும்போது வரும் அந்தத் 'தட்' என்ற சத்தம் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. மோட்டாரைக் கூரையில் தொங்கவிடும் இடத்தில் ரப்பர் துண்டுகள் வைக்கச் சொல்லுங்கள். அதிர்வில் பெரும்பகுதி கூரைச் சட்டம் வழியாகத்தான் மேலறைக்குப் போகிறது.

என் தம்பி வீட்டில் கூரை தாழ்வு, கதவை இழுக்கும் கை ஓடுவதற்கான தண்டவாளத்தை நடுவே போட இடமில்லை. கதவுக்கு மேலுள்ள ஸ்பிரிங் தண்டையே பக்கச் சுவரிலிருந்து சுழற்றும் மோட்டாரை அவன் பொருத்தியிருக்கிறான். அருமையாக ஓடுகிறது, கூரையும் காலியாகிவிட்டது. விலை கூடுதல், தண்டில் சுற்றிய முறுக்கு ஸ்பிரிங் இருக்கும் கதவுக்குத்தான் பொருந்தும், இருபுறமும் நீளவாக்கில் இழுபடும் ஸ்பிரிங் உள்ள கதவுக்குப் பொருந்தாது. பலகையாக ஒரே துண்டாய்ச் சாய்ந்து திறக்கும் பழைய கதவு என்றால் அதைச் சொல்லியே மோட்டார் கேளுங்கள்.

இனி, என் மனதுக்கு மிக முக்கியமானது. வீட்டில் ஓடித் திரியும் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். கதவின் இருபுறமும் தரைக்கு அருகே எதிரெதிராக இரண்டு சென்சார் கண்கள் இருக்கும். நடுவே எது குறுக்கிட்டாலும் இறங்கும் கதவு நின்று மேலே திரும்பவேண்டும். தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் அவற்றை வைக்கக்கூடாது, தவழும் குழந்தை அதற்குக் கீழே நுழைந்துவிடும். அமெரிக்காவில் 1993 முதல் தயாரான வீட்டு மோட்டார்களுக்கு இத்தகைய பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். வெயில் நேராகப் பட்டால் கண்ணுக்குக் குழப்பம் வந்து கதவு மூட மறுக்கும். அப்போது சிலர் இரண்டு கண்களையும் எடுத்து ஒன்றையொன்று பார்க்கும்படி கூரையில் ஒட்டிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இரண்டு கண்களையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பக்கம் மாற்றி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சென்சார் மட்டும் போதாது. மாதத்துக்கு ஒருமுறை, நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள மரக்கட்டையைக் கதவின் நடுவே தரையில் படுக்கவைத்து மூடுவேன். கட்டையைத் தொட்டவுடன் கதவு திரும்பவேண்டும். அழுத்திக்கொண்டு நின்றால் மோட்டார் கதவை அழுத்தும் விசையின் அளவைக் குறைக்கவேண்டும். சுவர் சுவிட்சையும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், ஒன்றரை மீட்டருக்கு மேல் வைக்கச் சொன்னோம்.

பேட்டரியை வீண் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். 2017இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்று, கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அங்கே 2019 ஜூலை முதல் புதிய மோட்டார்களுக்குப் பேட்டரி கட்டாயமாக்கப்பட்டது. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில், அவரால் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைத் தூக்க முடியுமா என்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் முடியாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ரிமோட்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி: ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது மோட்டாருக்கு அனுப்பும் குறியீடு மாறுகிறதா? சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் குறியீடு வைக்கும் பழைய வகை மாறாது. பன்னிரண்டு சுவிட்ச் என்றால் மொத்தமே 4,096 சேர்க்கைகள்தாம். 2015இல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், மேட்டல் நிறுவனத்தின் பழைய விளையாட்டுச் சாதனம் ஒன்றைத் திருத்தி, இப்படிப்பட்ட கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். பழைய மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதற்காகவாவது மாற்றிவிடுங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கதவு பல வீடுகளில் பூட்டப்படுவதே இல்லை.

எங்கள் புதிய மோட்டாரில் குறையே இல்லையா? இரண்டு உண்டு. கைப்பேசிச் செயலி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணைகிறது. கராஜ் மூலைக்கு அலை சரியாக எட்டாததால் அடிக்கடி அறுந்துபோகிறது. நான் ரிமோட்டையே பயன்படுத்துகிறேன். இன்னொன்று, மோட்டாரில் வேறொரு எல்இடி பல்பு போட்டதும் ரிமோட் எட்டும் தூரம் பாதியாகக் குறைந்துவிட்டது. மலிவான எல்இடி பல்புகள் ரிமோட் அலையைக் கெடுக்கும். பல்பைக் கழற்றியதும் தெரு முனையிலிருந்தே கதவு திறந்தது; கராஜ் மோட்டாருக்கென்றே விற்கும் பல்பை வாங்கிப் போட்டோம்.

பெரிய கனமான மரக்கதவு வைத்திருப்பவர்கள் மட்டும் அதிகக் குதிரைத்திறன் பற்றி யோசித்தால் போதும். அவர்களும் கதவின் மேல்பலகையில், மோட்டார்க் கை பிடிக்கும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை அடித்த பிறகே மோட்டாரை மாட்டட்டும். இல்லையென்றால் அந்தப் பலகை வளைந்து விரிசல் விடும்.