பாயிண்டா, கார்ப்ரேட்டரா? பழைய ஃபார்கோ குலுங்கினால் எதை முதலில் தொடுவது

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்வாசல் கொட்டகையில் ஐயா காலத்து ஃபார்கோ (கிறைஸ்லர் வகை) பெட்ரோல் லாரி நிற்கிறது. ஆறு சிலிண்டர், சைடு வால்வு எஞ்சின். ஒரு காலத்தில் ஆத்தங்குடிக் கல் ஏற்றிய வண்டி. போன சித்திரையில் ஸ்லோ (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம்) நிற்காமல் உடம்பெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. காரைக்குடி மெக்கானிக் கேட்ட மாத்திரத்தில், “கார்ப்ரேட்டரைக் கழற்றணும்ண்ணே” என்றார். தேவகோட்டையில் இருப்பவர், “அதைத் தொடாதீங்க, முதல்ல பாயிண்டைப் பாருங்க” என்றார். இருவருமே பழைய வண்டியில் கை பழகியவர்கள். கார்ப்ரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது; பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கும் ஸ்விட்ச்.

நான் தேவகோட்டைக்காரர் பக்கம். கார்ப்ரேட்டரைப் பிரித்தால் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு) புதிதாக வேண்டும், ஃப்ளோட் (உள்ளே பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை) மட்டம் மாறலாம், பெட்ரோல் வரும் ஜெட்டில் கம்பியை விட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் இரண்டு கிளிப்பில் திறந்துவிடும். பிரச்சினை அங்கே இல்லையென்றால் அப்படியே மூடிவிடலாம். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஸ்லோவில் 500 சுற்று ஓடினாலே பாயிண்ட் நிமிடத்துக்கு 1500 முறை திறந்து மூடுகிறது. தேயாமல் எப்படி இருக்கும்?

திறந்து பார்த்தோம். பாயிண்டின் ஒரு முகத்தில் கடுகு அளவுக்குக் குழி, எதிர் முகத்தில் அதே அளவுக்கு ஒரு மேடு. ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கம் போய் ஒட்டியிருக்கிறது. இப்படி இருந்தால், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும் சந்தேகப்பட வேண்டும். பாயிண்டை மட்டும் மாற்றினால் குழி மறுபடி விழும். கேப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு போல ஒரு கரிக்கோடு. ஸ்பார்க் அந்த வழியாகப் பக்கத்து சிலிண்டருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கேப், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் மாற்றி, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.5 மில்லிமீட்டர் இடைவெளி வைத்ததும் பாதிக்கு மேல் குலுக்கல் நின்றது.

மீதிப் பாதி? அங்கே குறை காரைக்குடிக்காரர் சந்தேகப்பட்ட பெட்ரோல் பக்கம்தான் இருந்தது. எஞ்சின் ஓடும்போது, காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தோம். ஓட்டம் சீரானது. பெட்ரோல் குறைவாக வருகிறது, இல்லையென்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்று அதற்கு அர்த்தம். இழுத்ததும் இன்னும் மோசமாகியிருந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம் என்று கொள்ளலாம். கலவை எஞ்சினுக்குள் போகும் மேனிஃபோல்டு குழாயின் இணைப்பில் தண்ணீரைத் தெளித்தபோது ஒரு மூலையில் மட்டும் சத்தம் மாறியது. கேஸ்கெட்தான். கார்ப்ரேட்டரைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சூட்டில் மட்டும் மிஸ் அடித்தால் கதை வேறு. நம் ஊர் வெயிலில் பம்ப்புக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவே பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் கண்டென்சரும் சூட்டில்தான் படுக்கும். வண்டி நின்ற இடத்திலேயே உபரி பிளக் ஒன்றை வயரில் மாட்டி, பாடியில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் சிந்தாத இடமாக இருக்கட்டும். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் குறை பெட்ரோல் பக்கம். பைப்பில் ஈரத்துணி சுற்றுங்கள். மஞ்சளாக மங்கலாக அடித்தால் காயில், கண்டென்சர்.

ஸ்பார்க், பெட்ரோல் இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் செத்துக் கிடந்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்க்க வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமே என்று தம்பி கேட்கிறான். நல்ல பொருள்தான். தேயாது, இடைவெளி வைக்கும் வேலை இல்லை. தினமும் ஓடும் வண்டிக்கு நானே சொல்வேன். ஆனால் பழைய 6 வோல்ட் கிறைஸ்லர் வகை வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதற்கென்று செய்யாத மாட்யூலை மாட்டினால் அந்த நிமிடமே போய்விடும். பிள்ளையார்பட்டிச் சாலையில் இரவு மாட்யூல் படுத்தால் வண்டியை இழுத்துத்தான் வர வேண்டும். பாயிண்ட் என்றால் ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். எங்கள் வண்டியில் பாயிண்ட்தான் இருக்கும்.

புது கார்ப்ரேட்டரா, பழையதைச் சரிசெய்வதா என்றால் பழையதுதான். விற்கிற நகல்களில் ஜெட் அளவு நம் எஞ்சினுக்குப் பொருந்துவது அபூர்வம். ரப்பர் பாகங்களை மட்டும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய டயஃப்ரமும் ஹோஸும் அதில் ஊறி இளகிவிடும், கலவையும் கொஞ்சம் மெலிந்துதான் போகும். எங்கள் வண்டியில் ஸ்லோ கலவை ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்த பிறகுதான் ஸ்லோ அசையாமல் நின்றது.