எடைமேடைக் கணினிக்கு சர்வீஸ் ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

லோடு லாரி ஏறினாலே எங்கள் கணினித் திரையில் எடை காணாமல் போய்க்கொண்டிருந்தது. எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் எடை சரியாகக் காட்டியது, கணினிக்குத்தான் வரவில்லை. வந்த சர்வீஸ்காரர் ஒயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் “சீரியல் கார்டு எரிஞ்சுபோச்சு” என்றார். இண்டிகேட்டர் கேபிளைக் கணினியோடு இணைக்கும் கார்டு அது. புது கார்டு, புது கேபிள், கூலி என்று பெரிய பில். அந்த வாரமே மறுபடி அதே கோளாறு. போன் போட்டால் எடுக்கவில்லை.

வேறொருவரைக் கூப்பிட்டோம். அவர் கணினியின் பின்பக்கம் டார்ச் அடித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்பது பின் பிளக் பாதி வெளியே வந்திருந்தது. அதன் இரு பக்கமும் இருக்க வேண்டிய திருகுகளில் ஒன்றைக் காணோம். இன்னொன்று இரண்டு சுற்றோடு சிக்கி நின்றது. அது கேபிளோடு வந்த திருகே இல்லை, கையில் கிடைத்த எம்3 (மில்லிமீட்டர் அளவு) ஸ்குரூ.

பிளக் மாட்டும் இந்த போர்ட்டில் திருகு ஏறும் ஆறுபட்டை நட்டு பெரும்பாலும் 4-40 என்ற அங்குல அளவு. மரைக்கு மரை இடைவெளி 0.635 மில்லிமீட்டர். எம்3-யில் அது 0.5 தான். தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கொஞ்சம் போனதும் இறுகிவிடும், பிளக் உட்காராது, நட்டின் மரையும் கெட்டுப்போகும். எங்களுடையதைக் கழற்றும்போது நட்டும் சேர்ந்தே கழன்று வந்தது.

லாரி ஏறி இறங்கும் அதிர்வில் திருகு இல்லாத பிளக் எத்தனை நாள் தாங்கும்? அவர் பழைய கார்டையே திரும்பப் போட்டு, சரியான திருகுள்ள கேபிளை மாட்டினார். எடை நன்றாக வருகிறது. எரிந்ததாகச் சொன்ன அதே கார்டு!

கார்டு உண்மையிலேயே எரிந்திருந்தால் எடை எப்போதுமே வராது. ஆட்டத்தில் மட்டும் விட்டு விட்டு வந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். இரண்டு திருகையும் மாற்றி மாற்றி விரலாலேயே இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். கழற்றிய பழைய கார்டை சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடமே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அப்புறம் பில்லைப் பற்றிப் பேசுங்கள். எங்கள் பணம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.