காசு கட்டினால் நாவல் போடுகிறோம் என்பவர்களிடம் பிள்ளைகளை விடாதீர்கள்

கதை எழுதும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து வீடுகளுக்காக. செல்போனில் தொடர்கதை எழுதுகிற பதின்வயதுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, புத்தகம் போடுகிறோம் என்று பணம் கறக்கும் ஒரு நிறுவனத்திடம் என் அண்ணன் மகள் மாட்டிக்கொண்டாள். 33,000 ரூபாய் போயிற்று. அவள் கதையையும் கெடுத்துக் கையில் கொடுத்தார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், என்ன காகிதம் நீட்டுகிறார்கள் என்று சொன்னால் அடுத்தவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

என்ன கெட்டது என்பது புரிய, அவள் எழுதியது என்ன என்று தெரிய வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது ஞாபகம் இருக்கும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து வெளியே போக எல்லாருக்கும் ரோட்டுப் பாலம்தான், பஸ்தான். அந்த பஸ்ஸில்தான் கதை நடக்கிறது. தங்கச்சிமடத்தில் ஏறுகிற ரீகன், பாம்பனில் ஏறுகிற மலர், இரண்டு பேரும் ப்ளஸ் ஒன். விடியற்காலையில் அப்பாவின் போட்டிலிருந்து சங்காயம் என்கிற கழிமீனை அள்ளி லோடு ஏற்றிவிட்டு வருகிறவன் ரீகன். குளித்துவிட்டுத்தான் வருகிறான், ஆனாலும் மேலே மீன் வாடை அடிக்கும் என்ற பயத்தில் மலர் உட்காரும் சீட்டிலிருந்து எட்டியே நிற்கிறான். தன்னைப் பிடிக்காமல்தான் விலகிப் போகிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். இவ்வளவுதான் சிக்கல். அஞ்சாம் வகுப்பிலிருந்தே பேர் தெரிந்த பெண்ணிடம் போய், பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் "உன் பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வெயிலில் நடந்து போகிறான். இறங்கிய இடம் பாலத்துக்கு நடுவில், டூரிஸ்ட் வண்டிகள் நிறுத்திப் போட்டோ எடுக்கிற இடம்.

படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வயசுப் பிள்ளைகளுக்கு நம் தமிழில் இப்படி எழுத ஆள் குறைவு. அதுவும் எங்கள் கரையை வைத்து எழுதினால் புயல், தனுஷ்கோடி, கண்ணீர் என்றுதான் எழுதுவார்கள். கடற்கரைப் பிள்ளைகளும் வழிந்து, உளறி, வெட்கப்பட்டுத்தான் காதலிக்கிறார்கள் என்று ஒரு பதினேழு வயதுப் பெண் எழுதியிருந்தாள். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

அவள் கதையைப் போட்டிருந்த செயலியில் கீழே ஒருவர் வந்து பாராட்டியிருக்கிறார். பிறகு போன். "உங்க ரைட்டிங் பயங்கர ஃப்ரெஷ்ஷா இருக்கும்மா, எங்க எடிட்டோரியல் டீம்ல எல்லாரும் படிச்சிட்டோம்" என்று. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். கோல்டில் 100 பிரதி, எடிட்டிங், அட்டை, சென்னைப் புத்தகக் காட்சியில் இடம், 'லைப்ரரி ஆர்டர்' எல்லாம் அடக்கம் என்றார்கள். முதலில் 15,000. அது மதினி கடல்பாசி எடுத்துச் சேர்த்ததும் மகளிர் குழுவில் கடன் வாங்கியதும். அடுத்த தவணைக்கு, தடைக்கால நிவாரணமாக வந்த 8,000 ரூபாய் அப்படியே போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் அடுப்பெரியக் கொடுக்கிற பணம் அது. அதற்கு மேல் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்க 2,500, காப்புரிமைப் பதிவுக்கு 4,000, 'இளம் எழுத்தாளர் விருது' பரிந்துரைக்கு 3,500.

நான் ராமநாதபுரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். புத்தக வேலை எனக்குப் பழக்கம். புத்தகங்கள் வந்த அட்டைப் பெட்டியை என் கடைக்குத்தான் கொண்டு வந்தாள். 100 என்று சொன்னதில் 25 தான் இருந்தது. 176 பக்கம், டெமி சைஸ். எங்கள் ஊரிலேயே டிஜிட்டலில் அடித்து பைண்டிங் போட்டாலும் அந்த 25 பிரதிக்கு அவர்கள் வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகாது. அட்டையில் மேப்பிள் இலை உதிர்கிற ஏதோ ஒரு வெளிநாட்டு ரோட்டில் கோட் போட்ட இரண்டு பேர். உள்ளே யூனிகோடில் இருந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு ஒருத்தரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். சில பக்கங்களில் வரி முடிகிற இடத்தில் கால் மட்டும் அடுத்த வரிக்குப் போயிருந்தது.

எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். 'எடிட்டிங்' என்ற பெயரில் செய்தது வேறு. மெஷினில் போட்டு எடுத்தது மாதிரி, தெரியாத சொல்லையெல்லாம் தெரிந்த சொல்லாக மாற்றியிருந்தார்கள். பாரை மீன் 'பாறை மீன்' ஆகிவிட்டது. வள்ளம் 'வெள்ளம்' ஆகிவிட்டது. சங்காயம் புத்தகம் முழுக்க 'வெங்காயம்'. ரீகன் விடியற்காலையில் வெங்காயம் ஏற்றிவிட்டு வருகிறான், வெங்காய வாடைக்குப் பயந்து தள்ளி நிற்கிறான். வலையில் விழுகிற பொடிமீனும் கழிமீனும் சேர்ந்ததுதான் சங்காயம். காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும். அந்த வாடை எப்படி ஒட்டும் என்று எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்துவிட்டால் அந்தப் பையன் ஏன் கூச்சப்படுகிறான் என்பதே போய்விடுகிறது. மலர் கடைசியில் பொறுக்காமல் கேட்கிற "ஏன்டா, பக்கத்துல உக்காந்தா பல்லி விழுந்துருமா ஒனக்கு?" என்பது, "ஏன் நீ என் அருகில் அமர்வதில்லை?" என்று அச்சாகியிருந்தது.

கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவள் என்னிடம் சொன்னது: "அத்தே, நான் யாரையும் சாகடிக்கல அத்தே."

அவள் எழுதிய முடிவில் ரீகன் கடைசியாக மலர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான்; டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் இரண்டு பேரும் திட்டு வாங்குகிறார்கள். அச்சான புத்தகத்தில் ரீகன் அப்பாவோடு கடலுக்குப் போகிறான், புயலில் போட் திரும்பவில்லை, மலர் கரையில் நின்று அழுகிறாள். இரண்டரைப் பக்கம். யாரோ எழுதிச் சேர்த்தது, அவள் பெயரில். கேட்டதற்கு வந்த வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது: "கடல் கதைன்னா கடைசியில ஒரு இழப்பு இருக்கணும்மா, அப்பத்தான் ரீடர்ஸ் ஷேர் பண்ணுவாங்க." அப்பா கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? மதினி அந்தப் புத்தகத்தை இன்றுவரை கையில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பார்த்தேன். ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். டெல்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் எழுதியவரே விண்ணப்பித்து வாங்கலாம். இவர்கள் 2,500 வாங்கிக்கொண்டு போட்ட எண் உண்மையான எண்ணே இல்லை. இதை வீட்டிலேயே யாரும் சோதிக்கலாம். 13 இலக்கத்தில் முதல், மூன்றாம், ஐந்தாம் என்று ஒற்றை இடங்களில் இருப்பதை அப்படியே கூட்டுங்கள். இரட்டை இடங்களில் இருப்பதை மூன்றால் பெருக்கிச் சேருங்கள். மொத்தம் பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். அவள் புத்தகத்து எண்ணுக்கு 127 வந்தது. எண் சரியாக இருந்தாலும் அதில் யார் பெயர் பதிவாகிறது என்று கேளுங்கள். பணம் போட்டது நீங்கள், பதிப்பாளர் அவர்கள் என்று ஆகிவிடக்கூடாது.

காப்புரிமையும் அப்படித்தான். எழுதிய நிமிடமே அது எழுதியவருக்குச் சொந்தம், பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நினைத்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். விண்ணப்பித்தால் டைரி எண் ஒன்று தருவார்கள். இவர்கள் கொடுத்த தங்க பார்டர் சர்டிபிகேட்டில் டைரி எண்ணே இல்லை. என் கடையில் பத்து நிமிடத்தில் அடித்துவிடுவேன் அந்த மாதிரி.

ஒப்பந்தம்தான் மோசம். ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம், ஓடிபி போட்டு சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லா உரிமையும் காப்புரிமைக் காலம் முடியும்வரை அவர்களுக்கு என்று இருக்கிறது. அந்தக் காலம் ஆசிரியர் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ராயல்டி 'நிகர லாபத்தில்' என்று போட்டுவிட்டு நிகர லாபம் எது என்று எங்குமே சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் காட்டினோம். முதலில் கேட்டது "பிள்ளைக்கு அன்னைக்கு வயசு என்ன?" என்றுதான். பதினேழு. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. அண்ணனோ மதினியோ எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அவள் கதை அவளுடையதுதான். இன்னொன்றும் சொன்னார். 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு: உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ஆசிரியரின் பெயருக்குக் கெடுதல் வருகிற மாதிரி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. அந்த இரண்டரைப் பக்கத்துக்கு இதை வைத்துத்தான் நோட்டீஸ் போனது.

வழக்கு என்றால் தங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி மிரட்டுகிறார்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். நாங்கள் பதிந்த பிறகுதான் அதுவரை போனையே எடுக்காதவர்கள் கூப்பிட்டு, "பிள்ளை ஃப்யூச்சர் முக்கியம் மேடம், சமாதானமாப் போயிரலாம்" என்றார்கள். விருதுக்கு வாங்கிய 3,500 திரும்ப வந்திருக்கிறது. மின்னூலை விற்பனைத் தளத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மற்ற பணத்துக்கும் சிதைத்ததற்கும் சேர்த்து ராமநாதபுரத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் ஒரு தப்பும் இல்லை. நேர்மையாகச் செய்து தருகிற அச்சகங்கள் மதுரையிலும் சிவகாசியிலும் சென்னையிலும் இருக்கின்றன. அவர்கள் தாளுக்கும் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் கணக்குச் சொல்வார்கள், அத்தனை பிரதியையும் உங்கள் கையில் கொடுப்பார்கள், உரிமையைப் பற்றிப் பேச மாட்டார்கள். பதிப்பாளர் என்றால் அவர் காசு போட வேண்டும், எழுதினவருக்கு ராயல்டி கொடுக்க வேண்டும். உங்களிடம் காசும் வாங்கிக்கொண்டு உரிமையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். லைப்ரரி ஆர்டர் வாங்கித் தருகிறோம் என்றாலும் நம்பாதீர்கள். எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று தீர்மானிப்பது அரசின் பொது நூலகத் துறை. பேக்கேஜ் விற்கிற ஏஜென்ட் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

மாட்டியவர்கள் போன் பேச்சோடு விட்டுவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் குரல்பதிவு, நீங்கள் அனுப்பிய மூலக் கோப்பு, அனுப்பிய தேதி காட்டும் மெயில் எல்லாம் வேண்டும். அவள் அனுப்பிய மூலக் கோப்பு மெயிலில் அப்படியே இருந்ததால்தான் எந்தப் பக்கத்தை யார் எழுதியது என்று காட்ட முடிந்தது.

இப்போதும் அதே ஆட்கள் வேறு பேக்கேஜ் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று உச்சிப்புளியில் ஒரு வீட்டில் சொன்னார்கள். அவர்கள் அனுப்புகிற ஆங்கில ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைப் பாருங்கள். 'வாசகர் ரசனைக்கு ஏற்பக் கதையின் முடிவை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது இவர்கள்தான். ஓடிபி சொல்லாதீர்கள்.