‘ஓப்பன் வித்’ பட்டியலைச் சுத்தம் செய்தல்: ஓப்பன்வித்வியூ போதுமா, ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்க வேண்டுமா?

விண்டோஸில் ஒரு படக்கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ பகுதிக்குச் சென்றால், என்றோ நீக்கிவிட்ட நிரல்களும் அந்தக் கோப்போடு தொடர்பே இல்லாத நிரல்களும் அங்கே இடம்பிடித்திருப்பதைக் காணலாம். செட்டிங்ஸில் உள்ள ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ பக்கம் இதற்கு உதவாது. எந்த நிரல் கோப்பை வழக்கமாகத் திறக்க வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. தேவையற்ற நிரலை அன்இன்ஸ்டால் செய்வதுதான் முதலில் செய்ய வேண்டியது என்றாலும், அதுவும் எப்போதும் போதுவதில்லை. ஒரு கோப்பைத் திறப்பதற்காக நாமே ஏதோ ஒரு நிரலைத் தேடிச் சுட்டிக்காட்டியிருந்தால், அதற்கான பதிவை எழுதியது விண்டோஸே தவிர அந்த நிரல் அன்று; ஆகவே நிரல் போன பின்னும் பதிவு தங்கிவிடுகிறது.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். நிர்சாஃப்ட் வெளியிடும் ஓப்பன்வித்வியூ என்ற சிறிய இலவசக் கருவி முதலாவது. இதை நிறுவத் தேவையில்லை. இயக்கியவுடன் பட்டியலில் தோன்றக்கூடிய நிரல்களை வரிசையாகக் காட்டும், வேண்டாததைத் தேர்ந்தெடுத்து முடக்கிவிடலாம். இதன் பெரிய நற்குணம், எதையும் அழிக்காமல் மறைக்க மட்டுமே செய்வது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற கிளையின் கீழ் ஒவ்வொரு நிரலுக்கும் உள்ள பகுதியில் ‘நோஓப்பன்வித்’ என்ற வெற்று மதிப்பு இருந்தால், விண்டோஸ் அந்த நிரலைப் பொதுப் பட்டியலில் காட்டாது. மனம் மாறினால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். பிறருடைய கணினியைச் சரிசெய்து கொடுப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்றே கருதுகிறேன்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட கோப்பு வகைக்குப் ‘பரிந்துரைக்கப்பட்டவை’ என்று மேலே வரும் நிரல்கள் பெரும்பாலும் இதற்கு அடங்குவதில்லை. அவை ‘ஓப்பன்வித்புரோக்ஐடிஸ்’ என்ற தனிப் பகுதியில், கோப்பு வகைவாரியாகப் பதிவானவை. நிரலுக்கு ‘நோஓப்பன்வித்’ இட்டிருந்தாலும், இப்பகுதியின் வழியே அது மீண்டும் தலைகாட்டும். மறைத்த நிரல் ஏன் போகவில்லை என்று குழம்புபவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த நிலையில் இரண்டாவது வழியான ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறப்பதைத் தவிர்க்க முடியாது. பயனருக்குரிய ‘கரண்ட் யூசர்’ கிளையில் ‘ஃபைல்எக்ஸ்ட்ஸ்’ என்ற பகுதிக்குள் ஒவ்வொரு கோப்பு நீட்டிப்புக்கும் (.jpg போன்றவை) ஓர் உட்பகுதி உண்டு. அதன் ‘ஓப்பன்வித்லிஸ்ட்’டில், நாம் பயன்படுத்திய நிரல்கள் ஒவ்வொன்றும் a, b, c என ஓர் ஆங்கில எழுத்தின் பெயரில் பதிவாகியிருக்கும், ஒன்றை நீக்கினால், அண்மையில் பயன்படுத்திய வரிசையைக் குறித்துவைக்கும் ‘எம்ஆர்யூலிஸ்ட்’ என்ற மதிப்பிலிருந்தும் அதற்குரிய எழுத்தை எடுத்துவிடுவது நல்லது. ‘ஓப்பன்வித்புரோக்ஐடிஸ்’ பகுதிதான் சிக்கலானது: மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழி வந்த செயலிகள் அங்கே ‘ஆப்எக்ஸ்’ என்று தொடங்கும், பொருள் விளங்காத நீண்ட பெயர்களில் நிற்கும்; எது எந்தச் செயலி என்று பெயரை வைத்து ஊகிக்க இயலாது. அருகிலுள்ள ‘யூசர்சாய்ஸ்’ பகுதியைத் தொட வேண்டாம். வழக்கமாகத் திறக்கும் நிரலுக்கான நம் தேர்வு அங்கேதான் இருக்கிறது.

நேரத்தைப் பார்த்தால் கருவி வெல்கிறது. துல்லியத்தில் கைமுறை வெல்கிறது. ஒரு நிரல் எந்தக் கோப்புக்கும் தோன்றக் கூடாது என்றால் ஓப்பன்வித்வியூவை முயலலாம். அதே நிரல் சில கோப்புகளுக்கு வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம் என்றால் ரெஜிஸ்ட்ரி மட்டுமே வழி. அப்போதும் மாற்றப்போகும் பகுதியை ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்ட பிறகே கைவைக்க வேண்டும். தவறினால் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து பழைய நிலையை மீட்கலாம்.

மாற்றம் உடனே தெரியாவிட்டால், டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். கணினியில் இன்னும் நிறுவப்பட்டிருக்கும் நிரல்களில் சில, புதிய பதிப்புக்கு மாறும்போது தம் பதிவுகளை மறுபடி எழுதிக்கொள்வதால், அவற்றுக்கு இந்த வேலையை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.